நடந்து காண வேண்டிய நாடு

ஓய்வு நாள் வந்துவிட்டால் நம்மவருள் பெரும்பாலோர்க்கு இரண்டே வழிகள் தெரியும். ஒன்று, வீட்டிலே நீட்டி நிமிர்ந்து படுத்திருப்பது. மற்றொன்று, வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, கோழி கூவுமுன் புறப்பட்டு, ஏழெட்டு ஊர்களை ஒரே நாளிற் 'பார்த்து முடித்து', நள்ளிரவில் தலைவலியோடு வீடு திரும்புவது. முன்னதில் உடம்பு சோம்பிப் போகிறது. பின்னதில் பணமும் பொழுதும் கரைந்து போகின்றன. பார்த்தவற்றுள் எது எங்கே இருந்தது என்று மறுநாட் காலையிற் கேட்டால் பிள்ளைகளுக்கும் சொல்லத் தெரிவதில்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்குக் கையிலே அதிகக் காசு வேண்டியதில்லை. காலிலே சற்று வலிமையும் மனத்திலே சற்று ஆவலும் இருந்தாற் போதும். அதுவே கால்நடையாகச் சென்று அயலிலுள்ள இடங்களைக் கண்டு வருவது.

இங்கிலாந்து காட்டும் வழி

இக்கலையில் இங்கிலாந்து நாட்டவர் கைதேர்ந்தவர்கள். வார இறுதி வந்ததும் முதுகிலே ஒரு பை, கையிலே ஒரு நிலப்படம், காலிலே உறுதியான சப்பாத்து என்று புறப்பட்டு விடுகிறார்கள். வயல்களினூடும் புல்வெளிகளினூடும் ஊர்ந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகள் அங்கே சட்டத்தின் காவலைப் பெற்றிருக்கின்றன. நிலம் ஒருவருக்குச் சொந்தமாயினும் அதன் நடுவே செல்லும் பொதுப்பாதை ஊருக்கு உரியது. வேலி குறுக்கிடும் இடங்களில் ஏறிக் கடப்பதற்குப் படி வைத்திருக்கிறார்கள். யோர்க் நகரிலோ பழைய கோட்டை மதிலின் மேலேயே நடந்து ஊரைப் பார்த்து வரலாம்.

இந்த உரிமை அவர்களுக்குத் தானாகக் கிடைத்ததன்று. 1932 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மான்செஸ்டர் முதலிய ஆலை நகரங்களைச் சேர்ந்த உழைக்கும் இளைஞர் சில நூற்றுவர், கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் ஒருங்கே ஏறினர். செல்வர்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த நிலம் அது. ஏறியவருட் சிலர் சிறை சென்றனர். ஆறு நாளும் ஆலைப் புகையில் உழைப்பவன் ஏழாம் நாளிலாவது மலைக்காற்றைச் சுவாசிக்க வேண்டாமா என்பதே அவர்கள் கேள்வி. 1949 இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நடைவழிகளுக்கும் சட்டம் பிறந்தது. 1951 இல், கிண்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் மாவட்டமே அந்நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. 1965 இல் பெனைன் மலைத்தொடரின் வழியே 268 மைல் நீளமான நடைபாதை திறந்து வைக்கப்பட்டது.

ஆகவே, நடந்து இன்புறுவது செல்வர் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. உழைப்பாளிகள் தங்கள் கால்களுக்காகக் கேட்டுப் பெற்ற உரிமை அது. இதனை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் விளங்கும்.

எங்கள் ஊரும் எங்கள் வீதியும்

கண்டியிலிருந்து வடக்கே புறப்படும் பெருவீதி கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, வணிகத்துக்குப் பெயர் பெற்ற அக்குறணையைத் தாண்டி, அலவத்துகொடையை வந்தடைகின்றது. அதற்கு அப்பால் பலகடுவக் கணவாயில் ஏறி இறங்கி, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகின்றது. 'ஏ ஒன்பது' என்று இன்று எல்லோரும் அழைக்கும் வீதி இதுவே. போர்க்காலத்தில் வன்னிப் பகுதியில் ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடந்ததும் இதே வீதிதான்.

அலவத்துகொடை பெரிய பட்டினமன்று. வீதியின் இருமருங்கும் கடைகள். கடைகளின் பின்னே சரிவுகள். சரிவுகளிலே வீட்டுத் தோட்டங்கள். கண்டிப் பகுதியின் வீட்டுத் தோட்டம் பார்ப்பதற்கு ஒரு சிறு காடு போலவே இருக்கும். பலா மரத்திலே மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அதன் நிழலிலே கோப்பியும் கொக்கோவும் காய்த்திருக்கும். பக்கத்திலே கராம்பு, சாதிக்காய், கமுகு, கித்துள் என்று ஒன்றை ஒன்று தழுவி நிற்கும். உழுது பாத்தி கட்டிய தோட்டம் மட்டுமே கண்டு பழகிய யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர், "இதிலே தோட்டம் எது, காடு எது?" என்று என்னிடம் ஒரு முறை கேட்டார். இரண்டும் ஒன்றே என்பதுதான் இம்மண்ணின் சிறப்பு.

சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் பிரதேசம் இது. காலையிலே விகாரையின் பிரித் ஓசையும், பள்ளிவாசலின் பாங்கொலியும், மேட்டிலுள்ள கோயிலின் மணியும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழும்.

அம்மாவின் கேள்வி

சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அலவத்துகொடையிலிருந்து மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து அளுவிகாரையையும் கண்டு வருவதென்று நானும் என் மகளும் தீர்மானித்தோம். அவள் உயர்தர வகுப்பு மாணவி. "பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். எதற்கு அப்பா நடக்க வேண்டும்?" என்று முதலிற் சிணுங்கினாள், பின்பு சம்மதித்தாள்.

சம்மதியாதவர் என் தாயார்தான். எண்பதைத் தாண்டியவர். எங்கள் ஆயத்தங்களைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "நடந்து நடந்து அலுத்துப்போன சனம் நாம். அந்த ரோட்டிலே நீ வேடிக்கைக்கு நடக்கப் போகிறாயாக்கும்!" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனெனில் அதில் உண்மை இருந்தது. என் தாயாரின் பாட்டி இந்நாட்டுக்கு வந்தபோது கைக்குழந்தை. அவரை இடுப்பிலே சுமந்துகொண்டு அவருடைய தாய் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே வந்தாராம். கூட வந்தவர்களில் எத்தனை பேர் வழியிலே விழுந்தார்கள் என்று எண்ணிச் சொல்ல அந்தத் தாய்க்குத் தெரியாது. "திரும்பிப் பார்க்காதே, நட என்று கங்காணி சொல்வாராம்" என்ற ஒரு வாக்கியம் மட்டும் நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டில் எஞ்சியிருக்கின்றது.

மலையகத் தமிழர் வரலாற்றை நம் மாணவர்கள் சுருக்கமாகவேனும் அறிந்திருத்தல் வேண்டும். 1820 களில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்களைத் திறந்தனர். வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். படகிலே கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், வரண்ட வன்னிக் காட்டினூடே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். அதற்குப் பெயர் வடக்கு வீதி. தண்ணீரில்லாக் காடு, வாந்திபேதி, காய்ச்சல், பசி ஆகிய நான்கும் அவ்வழியெங்கும் காத்திருந்தன. கோப்பிப் பறிப்பு முடிந்ததும் பலர் அதே வழியால் ஊர் திரும்பினர். மறு ஆண்டு மீண்டும் வந்தனர். 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை அதன் இடத்துக்கு வந்தது. வந்தவர்களும் தோட்டங்களிலேயே நிலைத்துவிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் வடக்கு வீதி மூடப்பட்டது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது.

மாத்தளை அந்த நெடுநடையின் வாசல். அதற்கு மேலும் தெற்கே, கண்டியை நோக்கிச் செல்ல வேண்டியவர்களுக்குப் பலகடுவக் கணவாயும் அலவத்துகொடையும் வழியில் உள்ளவை. அவர்கள் இறங்கி வந்த வழியில் நாங்கள் ஏறிச் செல்லப் போகிறோம், வித்தியாசம் அவ்வளவே.

அம்மாவிடம் நான் வாதிடவில்லை. "மாத்தளை மாரியம்மன் வாசல் வரைக்கும் போகிறோம் அம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு உள்ளே சென்று, காகிதத்தில் மடித்த கற்பூரக் கட்டி ஒன்றைக் கொண்டு வந்து பேத்தியின் கையில் வைத்தார். "அவள் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் சொல்லாமலே ஏற்று" என்றார்.

பலகடுவ ஏற்றம்

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் வாகனங்கள் குறைவு. பெருவீதியில் நடப்போர்க்கு இதுவே தக்க நேரம். ஒன்பது மணிக்கு மேல் பஸ்களும் லொறிகளும் ஒன்றையொன்று முந்தத் தொடங்கிவிடும்.

கடைத்தெருவைத் தாண்டியதும் வீதி வளைந்து வளைந்து ஏறுகின்றது. பஸ்ஸிலே செல்லும்போது இந்த வளைவுகள் வயிற்றைக் கலக்குவதை மட்டுமே அறிவோம். நடக்கும்போது ஒவ்வொரு வளைவும் ஒரு புதிய சாளரத்தைத் திறந்து விடுகின்றது. ஒரு திருப்பத்திலே பள்ளத்தில் மூடுபனி பாற்குளம் போலத் தேங்கிக் கிடந்தது. மறு திருப்பத்திலே, கராம்பு காயவைத்த பாயிலிருந்து வந்த மணம் வீதியை நிறைத்திருந்தது. "பஸ்ஸிலே போனால் மணம் வராது" என்று என் மகள் தானாகவே சொன்னாள். நான் பதில் கூறவில்லை.

கணவாயின் உச்சியில் ஒரு தேநீர்க் கடை. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். கடைக்காரப் பெரியவர் சிங்களவர். தமிழும் நன்றாகப் பேசினார். எங்கே போகிறோம் என்று விசாரித்தவர், நடந்து போவதாகச் சொன்னதும் முதலிற் சிரித்தார். பிறகு, "எங்கள் தாத்தா காலத்திலே எல்லோரும் நடைதான் ஐயா. மாத்தளைச் சந்தைக்கு மிளகு மூட்டையைத் தலையிலே வைத்துக்கொண்டு போய், உப்பு மூட்டையோடு திரும்பி வருவார்கள்" என்றார். நடை அலுத்த சனம் நாங்கள் மட்டும் அல்லர் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

வீதிகளுக்காகவும் இம்மக்கள் துன்புற்றிருக்கிறார்கள். 1848 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தது. அதனோடு, வயதுவந்த ஆண்மக்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்றும் சட்டம் கொண்டு வந்தது. தோட்டத்துக் கோப்பி வண்டிகள் ஓடுவதற்கு ஏழைக் குடியானவன் வீதி போடுவதா என்று மக்கள் கொதித்தனர். அந்த ஆண்டு ஜூலை மாத இறுதியில் மாத்தளையிலே கலகம் மூண்டது. தலைவர்களுள் ஒருவனான புரன் அப்பு ஆகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான்.

ஒரே வீதி. ஒரு சாரார் அதைப் போடப் பணிக்கப்பட்டதால் துன்புற்றனர்; மற்றொரு சாரார் அதில் நடந்து வந்து துன்புற்றனர். இரு துன்பங்களும் அன்று ஒன்றையொன்று அறிந்திருக்கவில்லை. இன்றைய பிள்ளைகளாவது இரண்டையும் ஒருசேர அறிந்துகொள்ளட்டும்.

மாத்தளை அம்மன் வாசல்

கணவாயிலிருந்து இறக்கம். இறங்குவது எளிது என்று நினைப்பவர் முழங்காலைக் கேட்டுப் பாருங்கள்! கிழக்கே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் பூசி நின்றன. மடக்கிய கைவிரல் மொளிகளைப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்ட தும்பறை மலைத்தொடர் அத்திசையிலேதான் உள்ளது. 2010 இல் உலக மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டில் அதுவும் அடங்கும்.

ஒன்பது மணிக்குச் சற்று முன்பாக மாத்தளைப் பட்டினத்தை அடைந்தோம். 1880 இல் கண்டியிலிருந்து வந்த இருப்புப்பாதை இவ்வூரோடு நின்றுவிட்டது. இன்றும் இதுவே அக்கிளைப் பாதையின் கடைசி நிலையம். ஊருக்குள் வந்ததுமே முத்துமாரியம்மன் ஆலயத்தின் இராசகோபுரம் கண்ணிற் படுகின்றது. அதன் உயரம் 108 அடி. மாசி மகத்தை ஒட்டி இங்கு நடைபெறும் பஞ்சரத பவனி நாடறிந்தது. ஐந்து தேர்களும் வீதியில் அசைந்து வரும்போது தமிழரோடு சிங்கள மக்களும் இருமருங்கும் நின்று வணங்குவதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

மாரி என்றால் மழை. தண்ணீரில்லாக் காட்டைக் கடந்து, நோய்க்குத் தப்பி, உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதன்முதலில் யாரை நினைத்திருப்பார்கள்? மழையும் மாரியுமான அந்தத் தாயையே நினைத்திருப்பார்கள். இதற்குச் சாசனம் தேட வேண்டியதில்லை.

2023 ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவெய்தியதை நினைந்து, ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டது. முன்னோர் நடந்த வழியைத் தழுவி நடந்து, ஆகஸ்ட் 12 ஆம் திகதி அது மாத்தளையை வந்தடைந்தது. கட்டாயத்தால் நடந்த பாதையில் மனமுவந்து நடப்பது முன்னோரை அவமதிப்பதாகாது. அவர்களை எண்ணி நடப்பவனுக்கு அதுவே அஞ்சலியாகும் என்பதை அந்த நடைபவனி எனக்கு விளக்கிற்று.

சந்நிதியின் முன் என் மகள் கற்பூரத்தை ஏற்றினாள். யார் பெயருக்கு என்று அருகில் நின்ற ஓர் அம்மையார் கேட்டார். "நடந்து வந்தவர்களுக்கு" என்றாள் அவள். அந்த அம்மையார் வேறொன்றும் கேட்கவில்லை, தாமும் கைகூப்பினார்.

அளுவிகாரையின் அமைதி

மாத்தளையிலிருந்து அதே பெருவீதியில் வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சென்றால் அளுவிகாரை. ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும் மாபெரும் பாறைகளின் இடுக்கிலே குகைகளைக் குடைந்து அமைத்த விகாரை இது. புத்தர் பெருமானின் உபதேசங்கள் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்தன. கி. மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் என்னும் வலகம்பா மன்னன் காலத்தில், போரும் பஞ்சமும் கண்டு அஞ்சிய துறவிகள், ஓதுவோர் மாண்டால் ஓத்தும் மாண்டுவிடுமே என்று கவலையுற்றனர். ஆகவே திரிபிடகம் முழுவதையும் ஓலையில் எழுதி வைத்தனர். அந்த அரும்பணி நடந்த இடமாக அளுவிகாரை போற்றப்படுகின்றது. ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் எழுதி, மை தேய்க்கும் முறையை இங்கே இன்றும் வருவோர்க்குக் காட்டுகிறார்கள்.

நினைவிலே மட்டும் வைத்திருப்பது போதாது, எழுதி வைக்க வேண்டும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்விடத்தில் முடிவு செய்தார்கள். எங்கள் வீட்டிலோ நான்கு தலைமுறைக்குப் பிறகு ஒரு வாக்கியம்தான் எஞ்சியிருக்கிறது. மாணவ மணிகளே, உங்கள் வீட்டிலும் பாட்டன் பாட்டி இருந்தால், அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். இந்தப் பயணத்திலே நான் பெற்ற பாடம் இதுவே.

வண்டி வசதியுள்ளோர் மேலும் வடக்கே சென்று நாலந்தைக் கெடிகேயையும் காணலாம். பௌத்த ஆலயமாயினும் பல்லவர் கோயில் போன்ற அமைப்புடைய கற்றளி அது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு, கல் கல்லாகப் பிரித்தெடுத்து உயரமான இடத்திலே மீண்டும் கட்டி வைத்தார்கள்.

ஒரு நாளில் மூன்று கோயில்கள்

வீதியோர நடையை விரும்பாதவர்க்கு வேறொரு வழி சொல்கிறேன். கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பஸ் ஏறிப் பிலிமத்தலாவையில் இறங்குங்கள். அங்கிருந்து கடலாதெனியா, லங்காதிலகம், எம்பக்கை என்னும் மூன்று தலங்களையும் வயல்வெளிகளினூடும் கிராமத்துப் பாதைகளினூடும் நடந்தே கண்டு வரலாம். ஆங்கில நாட்டுப்புற நடைக்கு ஈடான ஒன்று நம் நாட்டில் உண்டா என்று கேட்போருக்கு இதுவே விடை.

கடலாதெனியாவும் லங்காதிலகமும் 1344 ஆம் ஆண்டை ஒட்டி, கம்பளை இராச்சியக் காலத்தில் எழுந்தவை. கடலாதெனிய விகாரையைக் கல்லால் அமைத்த சிற்பாசாரியின் பெயர் கணேசுவராசாரி, தென்னிந்தியர். தூண்களையும் கூரையையும் பார்த்தாலே தமிழ்நாட்டுக் கோயிலொன்றினுள் நிற்கும் உணர்வு உண்டாகும். லங்காதிலகம் பாறை ஒன்றின் முடியில் வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கின்றது. அதன் அருகே பாறையிலே வெட்டிய சாசனம் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் உண்டு என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் கண்டு வர வேண்டும். பௌத்த விகாரை ஒன்றின் மானியத்தை இரு மொழியிலும் பொறித்து வைக்கும் பழக்கம் ஆறரை நூற்றாண்டுக்கு முன்பே இந்நாட்டில் இருந்திருக்கிறது!

எம்பக்கை தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. அங்குள்ள மேள மண்டபத்தின் மரத் தூண்கள் உலகப் புகழ் பெற்றவை. மல்லர், இருதலைப் பறவை, பின்னிய அன்னங்கள், குழந்தைக்குப் பாலூட்டும் தாய் எனத் தூணுக்குத் தூண் புதுப்புதுச் சிற்பங்கள். கூரையின் 26 கைமரங்களை ஒரே மர ஆணியாற் பூட்டியிருக்கும் விந்தையை அண்ணாந்து பாருங்கள்.

இவை உள்ள உடுநுவரைப் பகுதியிலேயே எலதத்தை என்னும் ஊரும் இருக்கின்றது. 1660 இல் கண்டி மன்னனால் சிறைப்பிடிக்கப்பட்ட ஆங்கிலேயனான றொபேட் நொக்ஸ் நெடுநாள் வாழ்ந்த ஊர் அது. தொப்பி பின்னி விற்று, சில்லறை வியாபாரியாக ஊரூராக நடந்து திரிந்து, வழிகளையெல்லாம் மனத்திற் பதித்துக்கொண்டு, 1679 இல் அநுராதபுரக் காடுகளினூடாக நடந்தே தப்பிச் சென்றான். 1681 இல் அவன் வெளியிட்ட நூலால்தான் அக்காலக் கண்டி நாட்டு மக்களின் வாழ்வு நமக்கு இவ்வளவு விரிவாகத் தெரிகின்றது. கட்டாயத்தால் நடந்தவன் ஒருவன் எழுதியும் வைத்தான், அதனால் வாழ்கின்றான்.

கண்டி நகருக்குள்ளே

சிறு பிள்ளைகளை உடையோர் கண்டி நகரிலேயே அரை நாள் நடை வைத்துக்கொள்ளலாம். கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவியைச் சுற்றி வந்து, தலதா மாளிகையின் பின்புறத்து உடவத்தைக் காட்டுக்குள் நுழைந்தால், சந்தடி நிறைந்த நகரம் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். பெரிய மரங்களும் குரங்குகளும் பறவைகளும் நிறைந்த அக்காட்டின் நடைவழிகளுள் ஒன்று 'லேடி ஹோர்ட்டன்' பெயரைத் தாங்கியுள்ளது. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்தவரின் மனைவி அவர். அவருடைய அழகைக் கண்டே, அவர் இலங்கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், பைரன் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1814 இல் புகழ்பெற்ற கவிதை ஒன்றைப் பாடினார்.

தேயிலைத் தோட்டங்களை நடந்து காண விரும்புவோர்க்கு இப்போது 'பீக்கோ' நடைபாதை உண்டு. கண்டிக்கு மேலே ஹந்தானையிற் தொடங்கி, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் மலைநாட்டைச் சுற்றி நுவரெலியாவில் முடிகின்றது. தொழிலாளர் கொழுந்துக் கூடையோடும் கூலிவண்டி மாடுகளோடும் நடந்த பழைய தோட்டப் பாதைகளே அதன் பெரும்பகுதி. உலகெங்குமிருந்து வந்து வெள்ளைக்காரர் நடக்கிறார்கள். அப்பாதைகளை அமைத்தவர்களின் பேரப்பிள்ளைகளை அங்கே நடப்போரில் அரிதாகவே காண முடிகின்றது. கிண்டர் ஸ்கவுட்டில் ஏறிய ஆலைத் தொழிலாளரை நான் முதலில் நினைவூட்டியது இதற்காகவே. அவர்களை அன்று வேலி தடுத்தது. நம்மை இன்று தடுப்பது, நடப்பவன் ஏழை என்னும் கூச்சம் ஒன்றே.

புறப்படுமுன்

சில எச்சரிக்கைகள். தை முதல் சித்திரை வரையுள்ள மாதங்கள் நடைக்கு ஏற்றவை. மழைக் காலத்தில் மலைச்சரிவுகளை நாடாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளியின்போது மண்சரிவுகளால் கண்டி மாவட்டம் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிந்த பின்னரே புறப்படுங்கள். பெருவீதியில் எதிரே வரும் வாகனங்களைக் காணும்படி வலப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். ஈரக் காட்டிலே அட்டை உண்டு. காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் அணுகாது. தண்ணீரும், இடியப்பமோ ரொட்டியோ ஒரு பொதியும் போதும். வெறும் பிளாஸ்டிக் போத்தலை வழியில் எறியாமல் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். விகாரைகளுக்கும் கோயில்களுக்கும் தோளும் முழங்காலும் மறைய உடுத்திச் செல்லுங்கள்.

நாங்கள் மாலையிற் பஸ்ஸிலே வீடு திரும்பினோம். அம்மா திண்ணையிலேயே காத்திருந்தார். பேத்தி நெற்றியிலே திருநீறு பூசிவிட்டதும், "கால் வலிக்கிறதா?" என்று கேட்டார்.

"வலிக்கிறது அப்பாயி" என்றாள் அவள்.

"வலிக்கட்டும். அவளுக்கும் வலித்திருக்கும்" என்றார் அம்மா. சிறிது நேரம் கழித்து, "அடுத்த முறை என்னைப் பஸ்ஸிலே கூட்டிக்கொண்டு போங்கள். தேர் ஓடும் வீதியிலே கொஞ்சத் தூரம் நானும் நடக்கிறேன்" என்றார்.

அன்பர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானிலை நன்றாக இருந்தால், நீங்களும் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அவர்கள் நடந்த வழியை ஒரு முறை கேட்டு அறிந்துகொண்டு, பிள்ளைகளோடு புறப்படுங்கள்.